வாசகர் கேள்வி: வெர்மான்ட்டும் நியூ ஹாம்ப்ஷயரும் ஒரே ஜாடையா?

கேள்வி: வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் இரண்டும் படத்தில் எது எதுவென்றே தெரியவில்லை. ஆனால் ஒன்று இடதுசாரி, இன்னொன்று வரி என்றாலே ஆகாத மாநிலம் என்கிறார்கள். மக்கள் ஒரே மாதிரியா, வேறா?
- வாசகி, கோவை

பதில்: அமெரிக்காவின் வடகிழக்கில் மேற்கே வெர்மான்ட், கிழக்கே நியூ ஹாம்ப்ஷயர். நடுவில் ஓடும் கனெக்டிகட் ஆற்றங்கரையில் நின்று கேட்டால் ஒரே மக்கள்தான் என்று அடித்துச் சொல்வேன். எல்லை பிரிந்த கதையே அப்படி. வெர்மான்ட் பக்கத்து நிலத்துக்கு நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர் வென்ட்வொர்த் பட்டா கொடுத்துக்கொண்டே போனார். 1764-ல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆற்றுக்கு மேற்கே எல்லாம் நியூயார்க்குக்கு என்று சொல்லிவிட, பழைய பட்டா செல்லாது என்று நியூயார்க் கிளம்ப, குடியேறியவர்கள் எதிர்த்து நின்று 1777-ல் தனி நாடாகவே அறிவித்துக்கொண்டார்கள். 1791-ல்தான் 14வது மாநிலமாகச் சேர்ந்தது வெர்மான்ட். அதற்கு நடுவே கிழக்குக் கரை ஊர்கள் சில, கடலோரத்தில் உட்கார்ந்து ஆள்பவர்களைவிட எதிர்க்கரைக்காரர்களே நமக்கு நெருக்கம் என்று 1778-லும் 1781-லும் வெர்மான்ட்டோடு போய்ச் சேர்ந்தன. தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் தலையிட்ட பிறகுதான் திரும்பின.

அந்த நெருக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் ஹானோவரும் எதிர்க்கரை நார்விச்சும் 1963 முதல் ஒரே பள்ளி மாவட்டம், அதாவது பள்ளி நிர்வாகம் ஒன்றுதான். இரண்டு மாநிலம் சேர்ந்த பள்ளி மாவட்டம் அமெரிக்காவில் அதுதான் முதல், அதற்கு நாடாளுமன்ற ஒப்புதலே தேவைப்பட்டது. நார்விச் பிள்ளைகள் பாலம் தாண்டி உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள்.

சரி, வித்தியாசம் எங்கே? காசு விஷயத்தில். நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரி இல்லை, சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் இல்லை. வெர்மான்ட்டில் இரண்டும் உண்டு. அதனால் பெரிய கடைகளெல்லாம் கிழக்குக் கரையில் வெஸ்ட் லெபனானில் வரிசை கட்டி நிற்கின்றன, வெர்மான்ட்காரர்கள் பாலம் தாண்டி வந்து வாங்கிப் போகிறார்கள். இதைப் பார்த்து நியூ ஹாம்ப்ஷயரில் வரியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே வீட்டு வரி கழுத்தைப் பிடிக்கும். சட்டத்திலும் அதே போக்குதான்: சாலையோர விளம்பரப் பலகைகளுக்கு வெர்மான்ட் 1968-லேயே தடை போட்டது, நியூ ஹாம்ப்ஷயரோ பெரியவர்களுக்கு சீட் பெல்ட்டைக்கூடக் கட்டாயமாக்கவில்லை.

என் கணிப்பில் இந்த வேறுபாட்டுக்கு ஆற்றைவிட, தெற்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் பாஸ்டன் நகரம்தான் பெரிய காரணம். வெர்மான்ட்டில் ஆறரை லட்சம் பேர் சிற்றூர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் சுமார் 14 லட்சத்தில் பெரும்பங்கு தெற்கே, மாசசூசெட்ஸை ஒட்டி. நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவில் வீடு, பாஸ்டன் பக்கம் வேலை என்று இருப்பவருக்கும் வெர்மான்ட்டின் பர்லிங்டனில் இருந்துகொண்டு கனடாவின் மான்ட்ரியலைப் பக்கத்து நகரமாக நினைப்பவருக்கும் எப்படி ஒத்துப்போகும்?

கேள்வி: இருவருக்கும் பொதுவான பழக்கம் ஒன்று சொல்லுங்களேன்.
- வாசகர், மதுரை

பதில்: மார்ச் மாதத்துக்குப் போங்கள். வெர்மான்ட்டில் முதல் செவ்வாய், நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாம் செவ்வாய் ஊர்க்கூட்டம். பனி அள்ளும் வண்டி புதிதாக வாங்கலாமா, பழையதையே சரிபார்த்து ஓட்டலாமா என்று பல ஊர்களில் வாக்காளர்களே எழுந்து பேசிக் கை தூக்கி முடிவு செய்வார்கள். உள்ளூர் ஆட்சியில் இதைவிட நல்ல முறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே பருவத்தில்தான் மேப்பிள் பாகு. ராத்திரி உறைந்து பகலில் இளகும் நாட்களில் மரத்தில் சாறு இறங்கும். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். நன்றாக முறுகக் காய்ச்சிய சூடான பாகைச் சுத்தமான பனிமேல் ஊற்றினால் மிட்டாய் போல இழுபடும். முள்கரண்டியில் சுற்றித் தின்றுவிட்டு, திகட்டாமல் இருக்கப் புளிப்பான வெள்ளரி ஊறுகாய் ஒரு கடி, கூடவே டோனட். அமெரிக்க மேப்பிள் பாகில் ஏறக்குறைய பாதி வெர்மான்ட்டில்தான் வருகிறது, ஆனால் கிழக்குக் கரைக்காரர்கள் எங்கள் பாகே உசத்தி என்பார்கள்.

கேள்வி: அந்த ஆறு யாருக்குச் சொந்தம்?
- வாசகர், சேலம்

பதில்: நியூ ஹாம்ப்ஷயருக்கு. மேற்குக் கரையில் நீர் தாழும் மட்டம்தான் எல்லை என்று 1933-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் 1866-ல் கட்டிய, கூரை போட்ட கார்னிஷ்–வின்ட்சர் மரப்பாலத்தில் மேற்கு முனை மட்டும்தான் வெர்மான்ட்டில் இருக்கிறது.