பழைய குடித்தனக்காரர் வளர்த்த பூனையால் அலர்ஜி: வாடகைக்கு இருப்பவருக்கு என்ன உரிமை?

முன்பு குடியிருந்தவர்கள் பூனை வளர்த்த வீட்டில் உங்கள் மகளுக்கு ஓயாத தும்மல். வீட்டுக்காரர் செலவு செய்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் அலர்ஜிக்கெனத் தனிப்பிரிவு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பது அவர் பொறுப்பு. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பூனை எச்சிலின் புரதம் முடியோடு உதிர்ந்து, சுவரிலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் தங்கும். எங்கள் வீட்டு ஏசி ஃபில்டரைக் கழற்றியபோது சாம்பல் முடி கம்பளிபோலச் சுருண்டு கிடந்தது. அப்படி எதைக் கண்டாலும் படமெடுத்து, டாக்டர் சீட்டோடு எழுத்துமூலம் கேளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

மசியவில்லையா? ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்துக் காலிசெய்யுங்கள். பாக்கி போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.