முதலில் குதிரை, அப்புறம் தண்ணீர்

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 50 பேரை இரண்டு நாள் ஊட்டிக்கு அழைத்துப் போகிறோம். குதிரைச் சவாரி, மேட்டுப்பாளையம் பக்கம் நீர் விளையாட்டுப் பூங்கா இரண்டும் உண்டு. எதை முதலில் வைக்கலாம்?
– ஓர் ஆசிரியை, ஈரோடு

பதில்: பூங்காவை இறங்கும்போது வையுங்கள், டீச்சர். ஏறும்போது வைத்த வருடம், ஈரத் தலையோடு மலையேறிய பிள்ளைகளில் நாலு பேருக்கு இரவே காய்ச்சல். பாதி ராட்டினங்களுக்கு உயர அளவு உண்டு. பள்ளியிலேயே அளந்துவிட்டால் வாசலில் யாரும் அழ வேண்டியதில்லை.

குதிரை விஷயத்தில் அவசரம் கூடாது. ஏற்றுவதற்கு முன் சேணத்தை நகர்த்தச் சொல்லி முதுகைப் பாருங்கள். ஒருமுறை அடியில் பச்சைப் புண் இருந்தது. அந்தக் குதிரை வேண்டாம் என்றேன்; பிள்ளைகளிடம் காரணத்தையும் சொன்னேன். அன்று அவர்கள் அதைத்தான் அதிகம் பேசினார்கள். ஒரு குதிரைக்கு ஒரு பிள்ளை போதும். கடிவாளம் குதிரைக்காரர் கையில்தான் இருக்க வேண்டும், ஓட்டம் வேண்டாம், நடைதான். பின்பக்கம் யாரையும் நிற்கவிடாதீர்கள், உதைத்துவிடும். பயப்படும் பிள்ளையைத் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். கிட்டே நின்று குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாலே அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம்தான்.

இன்னொன்று, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வந்திருக்கிறது. பஸ் பேசும்போதே அப்போதைய விதியைப் பார்த்து, அதையும் எடுத்துவிடுங்கள். வளைவுகளில் வாந்தி வரும். காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள்.