நோட்டீஸில் போட்டிருக்கிறதே, அது நிஜமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறோம். கோவையிலிருந்து என் சித்தி வந்திருக்கிறார். போன வருடம்தான் அவருக்கு மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. இங்கே நிதி திரட்டும் நடை ஒன்று நடந்தது, கூட்டிப் போனேன். நோயிலிருந்து மீண்டவர்களுக்குத் தனியாக பிங்க் டிஷர்ட் கொடுத்தார்கள், அதைப் போட்டுக்கொண்டு ரொம்ப சந்தோஷமாக நடந்தார். வெளியே வரும்போது நடைபாதையில் நின்ற சிலர் சிரித்துக்கொண்டே ஒரு மடிப்பு நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள். நிகழ்ச்சி நடத்துபவர்கள்தான் ஏதோ தருகிறார்கள் என்று நினைத்து வாங்கிக்கொண்டார். கருக்கலைப்பு செய்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து 30 சதவீதம் அதிகம் என்று அதில் போட்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. ராத்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டாவது பையனுக்கு அப்புறம் ஒரு டி அண்ட் சி பண்ணிக்கிட்டேன், உன் சித்தப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனாலதான் எனக்கு இது வந்துச்சா?” என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்லட்டும்?
– பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: இல்லை, அதனால் வரவில்லை. முதலில் இதைச் சித்தியிடம் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அந்த 30 சதவீதக் கணக்கு 1996-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. ஜோயல் பிரிண்ட் என்ற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் அதற்கு முன் வெளிவந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, ஆபத்து 1.3 மடங்கு என்று எழுதினார்கள். சிக்கல் என்னவென்றால் அவர்கள் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் பெரும்பாலும் பெண்களை உட்கார வைத்து, “முன்பு எப்போதாவது கருக்கலைப்பு செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டு எழுதியவை. புற்றுநோய் வந்த ஒரு பெண், எனக்கு ஏன் வந்தது, நான் என்ன தப்பு செய்தேன் என்று தன் வாழ்க்கையையே கிளறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருத்துவர் கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்வாள். நோய் இல்லாத பெண்ணோ, யாரோ ஒரு ஆய்வாளர் வந்து கேட்கும்போது, இதையெல்லாம் இவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று மறைத்துவிடலாம். உங்கள் சித்தியே இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல்தானே இருந்தார்? ஒரு பக்கம் உண்மை முழுசாக வருகிறது, இன்னொரு பக்கம் பாதிதான் வருகிறது, இரண்டையும் ஒப்பிட்டால் நோய் வந்தவர்கள்தான் அதிகம் கருக்கலைப்பு செய்தவர்கள் போலத் தெரியும். ஸ்வீடனில் பெண்கள் நேர்காணலில் சொன்னதையும் அரசுப் பதிவேட்டில் இருந்ததையும் வைத்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் வெளிப்பட்டது. அந்த ஆய்வு 1991-லேயே வந்துவிட்டது.

சரி, யாரையும் கேட்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? டென்மார்க்கில் இருந்தது. அங்கே கருக்கலைப்பு, புற்றுநோய் இரண்டுமே தேசியப் பதிவேட்டில் ஏறிவிடும். 1935-க்கும் 1978-க்கும் இடையில் பிறந்த சுமார் 15 லட்சம் பெண்களின் பதிவுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார்கள். அதில் 2,80,965 பேர் கருக்கலைப்பு செய்தவர்கள். 1997-இல் முடிவு வந்தது: மொத்தத்தில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்தில் வித்தியாசமே இல்லை. 2003 பிப்ரவரியில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களைக் கூட்டி வைத்து எல்லா ஆதாரங்களையும் அலசி, கருக்கலைப்புக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்துக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது. மறுவருடம் லான்செட் என்ற மருத்துவ இதழில் 16 நாடுகளின் 53 ஆய்வுகளை, புற்றுநோய் வந்த 83,000 பெண்களின் விவரங்களோடு மறுபடி ஆராய்ந்து அதையேதான் சொன்னார்கள்.

சித்தி ஆங்கிலம் படிப்பவர் என்பதால் நோட்டீஸில் இருந்த இன்னொரு வாதத்தையும் படித்திருப்பார். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும், மார்பக செல்கள் பெருகும், அவை முதிர்வதற்குள் கர்ப்பம் கலைந்தால் அரைகுறையாக நின்றுவிடும் என்று எழுதுவார்கள். இதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. இளம் வயதில் முதல் குழந்தையை நிறைமாதமாகப் பெற்றெடுப்பதும், தாய்ப்பால் கொடுப்பதும் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும். உங்கள் சித்தி இரண்டு பிள்ளைகள் பெற்றவர், அதனால் வரும் பாதுகாப்பு எவ்வளவோ அது அவருக்குக் கிடைத்துவிட்டது. பிறகு செய்துகொண்ட டி அண்ட் சி அதை அழித்துவிடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டீஸை அவர் பையிலிருந்து எடுத்துத் தூர எறியுங்கள். பிங்க் டிஷர்ட் போட்டவர்கள் யார் என்று தெரிந்தே அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிகிச்சை முடிந்து நிற்கிற பெண் அந்தத் தகவலை வைத்து இனி என்ன செய்ய முடியும்? நடந்ததை மாற்ற முடியாது, தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளத்தான் முடியும்.

கேள்வி: நானும் இப்படி ஒரு நடையில் பார்த்தேன். பொய் என்று தெரிந்தும் போலீஸ் ஏன் விரட்டுவதில்லை? நடத்துபவர்கள் அனுமதி வாங்கித்தானே பூங்காவில் நடத்துகிறார்கள்?
– வாசகர், நியூஜெர்சி

பதில்: அமெரிக்காவில் தெருவும் பூங்காவும் நடைபாதையும் பேச்சுரிமைக்கு மிகப் பெரிய பாதுகாப்பு உள்ள இடங்கள். தெரு குப்பையாகிறது என்று காரணம் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1939-லேயே சொல்லிவிட்டது. சொல்வது மருத்துவ ரீதியாகத் தப்பு என்பதற்காகப் போலீஸ்காரர் நோட்டீஸைப் பிடுங்கவும் முடியாது.

நடத்துபவர்களுக்கு உரிமையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஊர்வலம் நடத்துபவர்கள் தங்களுக்குப் பிடிக்காத செய்தியோடு வரும் குழுவைத் தங்கள் வரிசையில் சேர்க்க வேண்டியதில்லை என்று 1995-இல் பாஸ்டன் வழக்கில் தீர்ப்பானது. மினசோட்டா மாநிலக் கண்காட்சி வழக்கில், டிக்கெட் வாங்கி உள்ளே வரும் வளாகத்துக்குள் நோட்டீஸை ஒதுக்கப்பட்ட கடையில் வைத்துத்தான் கொடுக்கலாம் என்ற விதியை 1981-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லோரும் இலவசமாக வந்துபோகும் திறந்த தெருவிழா என்றால் கதை வேறு. மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் அரபு விழா நடந்த தெருக்களில் நோட்டீஸ் கொடுக்கத் தடை போட்டார்கள், 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

என்னைக் கேட்டால் போலீஸ் வராமல் இருப்பதே நல்லது. இன்று அவர்கள் கையிலிருந்து பிடுங்கும் அதே விதி நாளைக்கு நம் கையிலிருந்தும் பிடுங்கும். நடத்துபவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவு மேசையில் பையும் தண்ணீர் பாட்டிலும் கொடுக்கும்போதே, “வெளியே இப்படி ஒரு நோட்டீஸ் தருவார்கள், அது எங்களுடையது அல்ல, அதில் உள்ளது தவறு” என்று ஒரு வரி சொல்லி அனுப்பலாம். எங்களுடையது அல்ல என்ற அந்த வார்த்தை ரொம்ப முக்கியம். வாங்குகிறவர்களில் எத்தனையோ பேர் நிகழ்ச்சிக்காரர்கள் தருவதாக நம்பித்தான் வாங்குகிறார்கள்.

கேள்வி: புற்றுநோய்க்கு நிதி திரட்டும் இடத்துக்கு கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் ஏன் வர வேண்டும்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, சென்னை

பதில்: அந்த 30 சதவீதம் ஒரு காரணம். இன்னொன்று பணம்.

சூசன் கோமன் என்ற பெண் 1980-இல் 36 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். தங்கை நான்சி பிரிங்கர் அக்காவுக்குக் கொடுத்த வாக்கை வைத்து 1982-இல் டல்லாஸில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அடுத்த வருடம் அதே ஊரில் 800 பேரோடு முதல் ஓட்டம். ‘ரேஸ் ஃபார் தி க்யூர்’ என்று அது நாடு முழுக்கப் பரவியது. முதுகில் யார் நினைவாக ஓடுகிறோம் என்று பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள், பார்த்தாலே மனசு கனத்துப்போகும். இந்த அறக்கட்டளை, ஏழைப் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்ய ‘பிளான்ட் பேரன்ட்ஹுட்’ என்ற பெண்கள் நல அமைப்பின் மையங்களுக்கும் நிதி கொடுத்தது. அந்த மையங்கள் கருக்கலைப்பும் செய்கின்றன. அவ்வளவு போதாதா? 2011 டிசம்பரில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடை நிறுவனம், விற்பனையில் ஒரு பங்கு கோமனுக்குப் போகும்படி வெளியிட்ட பிங்க் பைபிளைக் கூட இதனால் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது.

2012 ஜனவரி 31 அன்று கோமன் அந்த நிதியை நிறுத்துவதாகச் செய்தி வந்தது. முந்தின வருடம் கொடுத்தது சுமார் 6,80,000 டாலர். நாடே கொந்தளித்தது, சில நாட்களில் பொதுமக்கள் பிளான்ட் பேரன்ட்ஹுடுக்கு சுமார் 30 லட்சம் டாலர் அனுப்பினார்கள். பிப்ரவரி 3-ஆம் தேதியே கோமன் முடிவை மாற்றிக்கொண்டது, மாற்றியதில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களுக்கும் கோபம். அதன் பிறகு ஓட்டங்களுக்கு வரும் கூட்டம் குறைந்தது. நஷ்டம் யாருக்கு? மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) பணமில்லாத பெண்களுக்குத்தான்.

நோட்டீஸோடு இது நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. டெக்சாஸில் 2003-இல் வந்த சட்டம், கருக்கலைப்புக்கு முன் பெண்ணிடம் சொல்ல வேண்டியவற்றின் பட்டியலில் மார்பகப் புற்றுநோய் ஆபத்தையும் சேர்த்தது. தேசியப் புற்றுநோய் நிறுவனம் தொடர்பில்லை என்று சொன்ன அதே வருடம்!

கேள்வி: கருவில் இருப்பதும் ஓர் உயிர்தான் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையோடு ஒருவர் தெருவில் நின்று அமைதியாக ஒரு காகிதம் கொடுத்தால் அதில் என்ன குற்றம் கண்டீர்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் நம்பிக்கையில் நான் குற்றம் காணவில்லை. உயிர் என்று நினைக்கிற ஒருவருக்கு அதற்காகப் பேசும் கடமை இருக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. அதை அப்படியே எழுதிக் கொடுங்கள். “இது உயிர், கலைக்காதீர்கள்” என்று எழுதிய நோட்டீஸை நான் ஏற்காவிட்டாலும் மரியாதையோடு வாங்கிப் படிப்பேன்.

“கலைத்தால் உனக்குப் புற்றுநோய் வரும்” என்பது அந்த நம்பிக்கை அல்ல, அது தவறான மருத்துவத் தகவல். ஒருவேளை அது உண்மையாகவே இருந்திருந்தாலும், உயிர் பற்றிய உங்கள் வாதத்துக்கு அதனால் ஒரு பலமும் கூடப்போவதில்லை. நீங்கள் உங்கள் பக்கத்தில் நிற்பவர்களிடமே கேளுங்கள்: இதை ஏன் அங்கே கொடுக்கிறோம், தலைமுடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம் ஏன் கொடுக்கிறோம்? நான் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் அவர்கள் காது கொடுப்பார்கள்.

கேள்வி: இதையெல்லாம் கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. எனக்கு 33 வயது. அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. நான் எப்போதிலிருந்து மேமோகிராம் எடுக்க வேண்டும்?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: பயப்பட வேண்டியதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. வயது, குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பது, பரம்பரையாக வரும் பிஆர்சிஏ என்ற மரபணு மாற்றம், மது, மாதவிடாய் நின்ற பின் உடல் எடை கூடுவது, இவையெல்லாம் நிரூபணமான காரணங்கள். சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கு 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேமோகிராம் என்பது 2024-இல் அமெரிக்காவில் வந்த பரிந்துரை. உங்களுக்கு அது போதாது. நெருங்கிய உறவுக்கு எந்த வயதில் வந்ததோ அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே தொடங்கலாம் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள், அந்தக் கணக்குப்படி உங்களுக்கு அடுத்த வருடமே. ஐம்பதுக்குள் அம்மாவுக்கு வந்திருப்பதால் மரபணு ஆலோசனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் அம்மாவுக்கு முதலில் அந்தப் பரிசோதனை செய்வது இன்னும் தெளிவாக வழிகாட்டும். இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.