குடியிருக்கும் வீடு தனி ஃபிளாட்டாக விலைக்கு வந்தால்…

கேள்வி: மேற்கு மாம்பலத்தில், ஒரே குடும்பத்துக்குச் சொந்தமான ஆறு வீடுகள் கொண்ட கட்டடத்தில் 14 ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். பதினொரு மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. புதிதாக எழுதிக்கொள்ளாமலே வாடகையை மட்டும் உயர்த்திக் கொடுத்து வருகிறோம். வீட்டுக்காரர் காலமான பின், அவருடைய பிள்ளைகள் ஆறு வீடுகளையும் தனித்தனி ஃபிளாட்டுகளாக விற்கப் போகிறார்களாம். 15 நாளில் காலி செய்யுங்கள் என்கிறார் தரகர். நியூயார்க்கில் இப்படிச் செய்தால் குடியிருப்பவருக்குத்தான் முதலில் விற்க வேண்டும் என்று அங்கிருக்கும் என் தங்கை மகள் சொல்கிறாள். அந்த உரிமை நமக்கும் உண்டா?
- ஒரு வாசகி, சென்னை 33

பதில்: தரகரின் சொல்லுக்காக நீங்கள் ஒரு பெட்டியைக்கூடக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தங்கை மகள் சொல்லும் உரிமை இங்கே உங்களுக்கு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க் நகரில் வாடகைக் கட்டடத்தைக் கூட்டுறவு உடைமையாகவோ தனி உடைமை வீடுகளாகவோ மாற்ற விரும்புபவர், மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் விற்பனைத் திட்டத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். குடியிருப்பவர்கள் மட்டுமே வாங்குவதற்கென்று 90 நாள் அவகாசம் தரப்படும். 2019இல் சட்டம் கடுமையாக்கப்பட்ட பின், பொதுவாகக் குடியிருப்போரில் 51 விழுக்காட்டினர் வாங்கச் சம்மதித்தால்தான் திட்டம் நடைமுறைக்கு வரும். வாங்க மறுத்தார் என்பதற்காக எவரையும் வெளியேற்ற முடியாது. நம் ஊரில் 1921ஆம் ஆண்டின் சென்னை நகர குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அடிமனையை வாடகைக்கு எடுத்து அதில் தம் செலவில் கட்டடம் எழுப்பியவர்களுக்காக வந்த சட்டம் அது. கட்டிய வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு அது உதவாது.

உங்களுக்கு உதவுபவை வேறு இரண்டு சட்டங்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வீட்டை வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். உரிமை கைமாறியதாலேயே உங்கள் வாடகை உறவு அறுந்துவிடாது. தரகர் சொல்லும் 15 நாள் கணக்கு அதே சட்டத்தின் 106ஆம் பிரிவிலிருந்து வருகிறது. மாத வாடகையை முடித்துக்கொள்வதற்கான அறிவிப்பு அது. உங்கள் சாமான்களைத் தெருவில் வைக்கும் அதிகாரம் அன்று. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, நீங்களாக மனமொப்பிக் காலி செய்யாதவரை, வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. விற்கப் போகிறோம் என்பது மட்டுமே அதற்குப் போதுமான காரணமாகாது. இடையில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்குவதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது.

என்னைக் கவலைகொள்ள வைப்பது உங்கள் கடிதத்தின் இரண்டாம் வரிதான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே, 21ஆம் பிரிவின்படி, காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணம். பதினான்கு ஆண்டு முறையாக வாடகை கொடுத்தவரின் நிலை, ஒரு தாள் இல்லாததால் இவ்வளவு மெலிந்துபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆகவே விற்பனைக்கு முன்பே, இப்போதைய உரிமையாளர்களிடம் எழுத்து மூலம் ஒப்பந்தம் கேளுங்கள். அவர்கள் மறுத்தாலும் நீங்கள் கேட்டதற்குப் பதிவுத்தபால் சான்று இருக்கட்டும். வாங்குபவர் தாமே குடிவரப் போவதாகச் சொன்னால் அதுவும் சட்டம் ஏற்கும் காரணமே என்பதால், நீதிமன்றம் வரை இழுப்பதைவிட, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை என்பதுபோல் ஒரு கெடுவை எழுத்தில் பேசி வாங்குவது பல குடும்பங்களுக்கு நன்மையாக முடியும்.

வாடகையை ஒரு மாதமும் நிறுத்தாதீர்கள். புதியவர் ஒருவர் வந்து இனி என்னிடம் கொடுங்கள் என்றால், கிரயப் பத்திர நகலைக் கேளுங்கள், வில்லங்கச் சான்றிலும் சரிபாருங்கள். அட்வான்ஸ் தொகை யார் பொறுப்பு என்பதைப் பழையவரும் புதியவரும் கையெழுத்திட்ட கடிதமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். பிற்பாடு அவரைக் கேள், இவரைக் கேள் என்று அலைக்கழிப்பு நேர்வது இந்த இடத்தில்தான்.

அந்த வீட்டை நீங்களே வாங்கும் எண்ணம் இருந்தால் தயங்காமல் கேட்கலாம். உரிமையாகக் கேட்க முடியாவிட்டாலும், தெரிந்த குடித்தனக்காரருக்கு விற்பதையே பலர் விரும்புவார்கள். வாரிசுகள் அனைவரும், திருமணமாகிச் சென்ற பெண் மக்கள் உட்பட, கிரயத்தில் கையெழுத்திடுகிறார்களா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் ஆறு வீடுகள் உள்ளனவா, உங்கள் பங்குக்கு மனையில் எத்தனை சதுர அடி பிரிபடாத பாகம் எழுதப்படுகிறது என்ற மூன்றையும், தாய்ப் பத்திரத்துடன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.