வெள்ள நிதியும் ஊழியர் சம்பளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பொருளாளராக இருக்கிறேன். வெள்ள நிவாரணத்துக்கென்று வந்த நன்கொடையில் ஒரு பகுதி செலவாகாமல் இருக்கிறது. ஊழியர்களுக்கோ இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. "அதிலிருந்து எடுத்துக் கொடுப்போம், அடுத்த நன்கொடை வந்ததும் திருப்பி வைத்துவிடலாம்" என்கிறார் செயலாளர். தனக்கென்று ஒரு காசு எடுக்காத மனிதர். இருந்தும் எனக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. வீணாகத் தயங்குகிறேனா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போடாதீர்கள். உங்கள் தயக்கம் நியாயமானது.

செயலாளரின் நேர்மையில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நல்ல நோக்கம் இருப்பவர்களும் சறுக்குகிற இடம் இது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 'லிபர்ட்டி நிதி' திரட்டியது. அதில் ஒரு பகுதியைப் பிற்காலத் தேவைகளுக்கு ஒதுக்க நினைத்தது. காரணம் நல்லதுதான். ஆனால் பணம் கொடுத்தவர்கள் மனதில் இருந்தது அந்தத் தாக்குதலில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள். கடும் எதிர்ப்பு கிளம்பி, முழுத் தொகையும் அவர்களுக்கே என்று அந்த நவம்பரில் சங்கம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

'திருப்பி வைத்துவிடலாம்' என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். அடுத்து வரும் நன்கொடையும் ஏதோ ஒரு காரியத்துக்கென்றுதானே வரும்? அதை எடுத்து இந்தப் பள்ளத்தை மூடினால் அங்கே ஒரு பள்ளம் விழும். எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தால் இருப்பு தாராளமாகத் தெரியும். அதில் நிறுவனம் இஷ்டப்படி செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பேரேடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், நன்கொடையாளர்களுக்கு நீங்களும் செயலாளருமாகச் சேர்ந்தே ஒரு கடிதம் எழுதுங்கள். மீதி எவ்வளவு, ஏன் மீந்தது, எதற்குக் கேட்கிறீர்கள், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிலர் சம்மதிப்பார்கள். சிலர் நிவாரணத்துக்கே செலவிடச் சொல்வார்கள், திருப்பிக் கேட்பவரும் இருக்கலாம். பதில் எதுவானாலும் எழுத்தில் வாங்கி, நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள்.

சம்பளம் கேட்பது குற்றமல்ல. 'எங்களுக்கு நிர்வாகச் செலவே கிடையாது' என்று நிறுவனங்கள் பெருமையடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கணக்கு எழுதுபவருக்கும் களத்தில் அலைபவருக்கும் குடும்பம் உண்டு. அடுத்த திட்டத்துக்குப் பணம் கேட்கும்போது சம்பளத்தையும் வாடகையையும் தணிக்கைக் கட்டணத்தையும் வெளிப்படையாகவே சேர்த்துக் கேளுங்கள்.