சுற்றறிக்கை படமாக வந்தால் பார்வையற்றவர் எப்படிப் படிப்பார்?

கேள்வி: பட்டர்வொர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் மாவட்டப் பள்ளிகள் சுற்றறிக்கை, தேர்வு அட்டவணை எல்லாவற்றையும் படமாகவே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுகின்றன. பார்வையற்ற தந்தை ஒருவருக்கு அவை பயன்படவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்திடம் எதை முதலில் கேட்கலாம்?

பதில்: இணையத்தளத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் செய்தியைத் தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்பும்படி கேளுங்கள். படத்திலும் ஸ்கேன் செய்த பிடிஎஃபிலும் எழுத்து தெரிவது நம் கண்ணுக்குத்தான். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் டாக்பேக், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் செயலிகள் அதை நம்பகமாக வாசிப்பதில்லை. படம் போட்டாலும் சரி, அதே செய்தியைக் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள். அந்தத் தந்தைக்கு இன்றே உதவுவது இதுதான்.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில், அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அவற்றைத்தான் வாசிக்கும், ஒன்றும் புரியாது. ஒரு வரியை நகலெடுத்துக் கைப்பேசியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. கிறுக்கலாக வந்தால் மாற்றியாக வேண்டும். அதற்கு இலவச மாற்றிகள் இருக்கின்றன. யூனிகோடில் அடித்ததும்கூட பிடிஎஃப் ஆகும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போவதுண்டு. அதனால் வேர்ட் கோப்பையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

அட்டவணையில் கட்டங்களை இணைக்காதீர்கள். ‘திங்கள், காலை 8 மணி, தமிழ்’ என்று வரிவரியாக எழுதினால் கேட்பவர் எந்தப் பாடம் எந்த நாள் என்று தடுமாற மாட்டார்.

காணொலிகளுக்கு வசன வரிகள் வேண்டும். தானியங்கி வரிகளை ஒருவர் திருத்திய பிறகே வெளியிடுங்கள். அறிவிப்புப் படங்களில் வெள்ளைமேல் மஞ்சள் எழுத்து வேண்டாம். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு தேவை என்கிறது அனைத்துலக இணைய அணுகல் நெறிமுறை (WCAG).

மனுவில் மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். அதன் 30ஆவது பிரிவு தகவலையும் தகவல் தொழில்நுட்பத்தையும் பிறருக்குச் சமமாகப் பெறும் உரிமையைச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அச்சட்டத்தில் இல்லை. எனவே மிரட்டும் தொனி உதவாது, தயாரான தீர்வோடு போவதே மேல். தலைப்பு நடைகள் (வேர்டில் உள்ள Heading வடிவங்கள்) அமைத்த ஒரே வேர்ட் மாதிரியை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பும்படி கேளுங்கள். அனுப்புமுன் அந்தத் தந்தையிடமே கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர் கண்டுபிடிக்கும் குறைகள் நம் கண்ணில் படாதவை.

பழைய கோப்புகள் முழுவதையும் மாற்ற உட்கார்ந்தால் ஆண்டே போய்விடும். உதவித்தொகைப் பாரம், பள்ளி விதிமுறை, பேருந்து நேரம் என இன்னும் புழக்கத்தில் உள்ளவற்றை மட்டும் இப்போது மாற்றுங்கள்.