டொக்டரிடம் கேளுங்கள்: பற்பசையைக் கழுவிவிடுங்கள், தம்பி

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே இடத்தைப் பற்றியவை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒருவர் கொப்பித்தாளில் எழுதி இரண்டு இடத்தில் வெட்டியும் இருக்கிறார். மூன்றையும் சேர்த்தே போடுகிறேன்.

கேள்வி: எனக்கு 24 வயது. ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பரு மாதிரி வரிசையாக இருக்கிறது. ஓ.எல். படித்த காலத்திலிருந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். நோவில்லை, கடியுமில்லை. இதுவரை யாரோடும் எனக்குத் தொடர்பு இருந்ததில்லை. கூட்டாளி ஒருவன் இது மேகநோய் என்கிறான். ஒரு வீடியோவைப் பார்த்து இரண்டு கிழமை பற்பசை பூசினேன், தோல் எரிந்து உரிந்துவிட்டது. வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடவா? (உப்புவெளி வாசகர்)

பதில்: முதலில் பற்பசையை நிறுத்துங்கள், தம்பி. கல்யாணத்துக்கு வேண்டாம் என்று சொல்ல நீங்கள் எழுதியதில் ஒரு காரணமும் இல்லை.

மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு வரியாக, சிலருக்கு இரண்டு மூன்று வரியாக, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே நிறம், வருடக்கணக்காக மாறாமல் இருப்பது. இதைக் கேட்டவுடனேயே எனக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. வைத்தியப் புத்தகங்களில் இதை முத்துப் பருக்கள் என்ற கருத்தில்தான் சொல்வார்கள். கிருமியால் வருவதில்லை, தொற்றாது, புற்றுநோயாக மாறாது. பருவ வயதிலும் இருபதுகளிலும் தெரியத் தொடங்கி, வயது போகப் போக மங்கிவிடும். ஆய்வுகளைப் பார்த்தால் பத்து ஆண்களில் ஒருவர் தொடக்கம் மூன்று பேரில் ஒருவர் வரை கணக்கு வருகிறது, அதாவது உங்களுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்த கூட்டாளிக்கே இருந்தாலும் ஆச்சரியமில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருப்பீர்கள்: கைப்பழக்கத்தால் வருவதில்லை, குளிக்காமல் விட்டதாலும் வருவதில்லை.

இதே மாதிரி ஆட்களைப் பயப்படுத்துகிற இன்னொன்று, தண்டின் தோலை இழுத்துப் பிடித்தால் தெரிகிற மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள். அவை தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள், அவ்வளவுதான். உதட்டின் ஓரத்திலும் பலருக்கு இருக்கும். ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் 1896இல் இவற்றைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

சரி, மரு என்றால் எப்படித் தெரியும்? அது புதிதாக வரும். ஒழுங்கான வரிசை இருக்காது, ஒன்று சிறிது, ஒன்று பெரிது, மேல்பக்கம் சொரசொரப்பாக, கோலிஃபிளவர் பூ மாதிரிக் கிளம்பும், மாதத்துக்கு மாதம் கூடும். நடுவில் சின்னக் குழியோடு உருண்டையாக இருந்தால் பாலுண்ணியாக இருக்கலாம். இரண்டுமே வைரஸால் வருபவை, தொற்றும், இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு வைத்தியம் இல்லை. ஒரு பெடியன் சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு, சாரத்தை முன்பக்கம் கையால் தூக்கிப் பிடித்தபடி, காலை அகட்டி அகட்டி என்னிடம் வந்தான். சுட்டுப்போன தோலைத் துடைத்துப் பார்த்தால் அவனுக்கு இருந்ததும் உங்களுக்கு இருக்கிற அதே வரிசைதான். புண் ஆற மூன்று கிழமை சென்றது, அந்த மூன்று கிழமையும் அவன் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் தனியாகவே பட்டான்.

உரிந்த தோலை வெறும் தண்ணீரால் கழுவி, பருத்தி உள்ளாடை போடுங்கள், தானாக ஆறும். கடிதத்தை வைத்து நான் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆகவே கல்யாணத்துக்கு முன் ஒரு வைத்தியருக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. அப்புறம் நிம்மதியாகப் பெண் பார்க்கப் போங்கள்.

கேள்வி: வயது 58. விதைப்பைத் தோலில் கருஞ்சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருக்கிறது. சொறிந்தால் இரத்தம் வந்து சாரத்தில் படுகிறது. புற்றுநோயா? (மூதூர் வாசகர்)

பதில்: இல்லை ஐயா. தோலுக்குக் கிட்டவுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் விரிந்து அப்படித் தெரிகின்றன, வயது போன ஆண்களுக்குச் சாதாரணமாக வருவது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி வந்து தொந்தரவு என்றால் சுட்டு எடுத்துவிடலாம்.

உங்கள் வயதில் நான் கவலைப்படுவது வேறு விஷயங்களுக்கு. மொட்டிலோ முன்தோலிலோ வந்த புண் இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறவில்லை, கட்டி கல்லு மாதிரி இருக்கிறது, ஒரு கறுப்பு அடையாளம் வளர்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். இதுநாள்வரை இலகுவாகப் பின்னுக்குப் போன முன்தோல் இப்போது வெடித்து, வெள்ளை படிந்து, கடிக்கிறது என்றால் உடனே சீனி பாருங்கள். சீனி வருத்தம் இருக்கிறதே தெரியாமல் இந்தப் புண்ணோடு வந்து கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறேன், வயது 31. அங்கே ஒரு தடவை பாதுகாப்பில்லாமல் தொடர்பு வைத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது. நோவே இல்லை. மருந்து போடாமலே ஆறிவிட்டது. மனைவிக்குச் சொல்லவில்லை. இனிப் பயமில்லைத்தானே? (கிண்ணியா வாசகர்)

பதில்: மூன்று கடிதத்திலும் என்னை உட்காரவிடாமல் செய்தது உங்களுடையதுதான். நோவில்லாத ஒற்றைப் புண், தொடர்புக்குப் பிறகு மூன்று நான்கு கிழமையில் வந்து, சில கிழமையில் தானாக ஆறுவது சிபிலிஸ் என்ற பாலியல் நோயின் வழி. புண்தான் ஆறியது, கிருமி உள்ளே இருக்கிறது. அடுத்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடத் தடிப்பு மாதிரிச் சிவப்பு வரலாம், அதுவும் போய்விடும், பிறகு வருடங்கள் கழித்து இருதயத்தையும் மூளையையும் பிடிக்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் பென்சிலின் ஊசியோடு முடிகிற காரியம் இது. முன்பு பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. காசு இல்லை, வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, விசயம் வெளியே போகாது. இரத்தம் எடுப்பார்கள், எச்.ஐ.வி.க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை மனைவியோடு சேர வேண்டாம். நோய் என்று வந்தால் அவருக்கும் பரிசோதனை வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்பதற்குக் கிளினிக்கில் உதவி செய்வார்கள். அவர் கர்ப்பமாக இருந்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் போவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது, கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தை ஒழுங்காகப் பார்த்ததால்தான் அது நடந்தது.

லீவு முடிய எத்தனை நாள் இருக்கிறதென்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலையே போங்கள்.